வீட்டுத் தமிழோடு கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு மொழியும் வேலையும்

கேட்கப்பட்ட கேள்வி இது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த மகள் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்கிறாள். வீட்டில் தமிழ் பேசுவாள், பாட்டியோடு போனில் அரை மணி நேரம் பேசுவாள், ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. அவள் கல்லூரியில் தமிழ் வகுப்பு எடுப்பதால் பயன் உண்டா? அது வேலைக்கு உதவுமா? இப்படிப்பட்ட மாணவர்களுக்குக் கல்லூரி என்ன செய்ய வேண்டும்?

பயன் நிச்சயம் உண்டு. ஆனால் எந்த வகுப்பில், எப்படி உட்கார வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தவறான வகுப்பில் உட்கார்ந்தால் இருக்கிற தமிழும் வாயை மூடிக்கொள்ளும். இப்படி வந்த மாணவர்களுக்குச் சில ஆண்டுகள் பாடம் எடுத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் மகளைப் போன்றவர்களைப் 'பாரம்பரிய மொழி பேசுபவர்கள்' என்கிறார்கள். ஆங்கிலம் அல்லாத ஒரு மொழி புழங்கும் வீட்டில் வளர்ந்தவர், அந்த மொழியைப் பேசுபவர் அல்லது கேட்டுப் புரிந்துகொள்ளவாவது தெரிந்தவர், ஓரளவுக்கு இருமொழியாளர் என்று 2000 வாக்கில் குவாதலூப்பே வால்தேஸ் என்ற ஆய்வாளர் விளக்கம் கொடுத்தார். இன்றும் பலர் அதைத்தான் எடுத்தாள்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது 'புரிந்துகொள்ளவாவது' என்ற இடம். அம்மா தமிழில் கேட்க மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வீடுகள் எத்தனை! அந்த மகனிடமும் தமிழ் இருக்கிறது. வாய்க்கு வரவில்லை, காதில் இருக்கிறது.

இந்தப் பிள்ளைகளின் மொழி வீட்டுக்குள்ளேயே வளர்ந்த மொழி. ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போனதும் உலகம் முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. அறிவியல், அரசியல், நட்பு, காதல், கோபம் எல்லாம் அந்தப் பக்கம் வளர்கின்றன. தமிழ் சமையலறையிலும் காரின் பின் சீட்டிலும் நின்றுவிடுகிறது. பதினெட்டு வயதுப் பெண்ணிடம் எட்டு வயதுத் தமிழ் இருக்கும். ஆனால் அந்த எட்டு வயதுத் தமிழைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. 'சாப்பிட்டுட்டு வந்துடறேன்' என்று அவள் யோசிக்காமல் சொல்கிறாளே, அதில் எத்தனை வினைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன என்று பாருங்கள். புதிதாகத் தமிழ் படிக்கும் ஒருவர் அப்படிச் சொல்ல இரண்டு ஆண்டு ஆகும். 'பட்டு'வுக்கும் 'பத்து'வுக்கும் உள்ள ஒலி வேறுபாடு அவள் காதில் தானாகவே விழும். இல்லாதது வேறு: வரவு செலவைப் பற்றி வாதாட, ஒரு கடிதம் எழுத, முன்பின் தெரியாத பெரியவரிடம் மரியாதையாக ஒன்றைக் கேட்க அவளுக்குச் சொல் கிடையாது. அந்தச் சூழலில் அவள் தமிழைக் கேட்டதே இல்லை.

இப்போது அவளை முதலாம் ஆண்டு வகுப்பில் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரம் 'என் பெயர் இது, என் ஊர் இது' என்று போகும், அவளுக்குச் சலிப்பு. மூன்றாவது வாரம் எழுத்துத் தேர்வு. தமிழே தெரியாமல் வந்தவர் பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்து 'அம்மா வந்துவிட்டார்கள்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறார். இவள் தன் வீட்டில் கேட்டபடி 'அம்மா வந்துட்டாங்க' என்று எழுதி அடித்துத் திருத்தப்பட்ட தாளை வாங்குகிறாள். அன்றைக்கு அவள் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: 'எங்க வீட்டுத் தமிழ் தப்பு.' இப்படி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்த ஒரு மாணவி, அம்மா பேசுவதும் தப்பா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் முதல் பாடத்தையே மாற்றினேன்.

தமிழில் பேச்சும் எழுத்தும் தனித்தனி வழக்குகள் என்பது நமக்குத் தெரியும், ஆனால் யாரும் அவளுக்கு அதைச் சொன்னதில்லை. முதல் வகுப்பிலேயே பலகையில் இரண்டு பத்தி போட்டு, இடது பக்கம் அவர்கள் வீட்டில் சொல்வதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து எழுதினேன். 'போயிட்டாங்க', 'அவங்ககிட்ட', 'இருக்கு', 'பாத்துட்டு'. வலது பக்கம் 'போய்விட்டார்கள்', 'அவர்களிடம்', 'இருக்கிறது', 'பார்த்துவிட்டு'. பத்துப் பன்னிரண்டு சொல் முடிவதற்குள் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்: 'ங்க' வருகிற இடத்தில் 'ர்கள்' வருகிறது, 'ட்டு' வருகிற இடத்தில் 'விட்டு' வருகிறது. நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. இடது பக்கம் எதையும் அடிக்கவும் இல்லை. அது பேச்சு, இது எழுத்து, இரண்டும் சரி, எங்கே எது என்பதுதான் பாடம். அன்றைய வகுப்பு முடிந்தும் அவர்கள் எழுந்து போகவில்லை. தங்கள் வீட்டுச் சொற்களைச் சொல்லி வலது பக்கம் என்னவாகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

எழுத்தைப் பற்றியும் வீண் பயம் இருக்கிறது. 247 எழுத்து என்றதும் பிள்ளைகள் மலைத்துப்போகிறார்கள். உண்மையில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், அப்புறம் உயிர்க்குறிகள், அவ்வளவுதான். மொழி காதில் இருப்பவர் சில வாரங்களிலேயே எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார். ஏனென்றால் தட்டுத் தடுமாறிப் 'பா...ட்...டி' என்று கூட்டும்போதே சொல் மனதில் வந்து விழுந்துவிடும். புதிதாகப் படிப்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே இவர்களுக்கு எழுத்தை அகர வரிசையில் தொடங்க வேண்டியதில்லை. தெரிந்த சொற்களிலிருந்து தொடங்கலாம், அதுதான் வேகமான வழி.

எந்த வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்ய எழுத்துத் தேர்வு வைப்பது வீண். கால் மணி நேரம் உட்கார வைத்துப் பேசினாலே போதும். வீட்டில் யார் யார் தமிழ் பேசுகிறார்கள், கடைசியாக எப்போது தமிழில் சண்டை போட்டாய், எதைச் சொல்ல முடியாமல் ஆங்கிலத்துக்குத் தாவினாய் என்று கேட்டால் மாணவரின் மொழி தெரிந்துவிடும். ஆசிரியர் இன்னொன்றிலும் கவனமாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண் 'கதைக்கிறன்' என்பாள், நெல்லைப் பையன் 'ஏலே' என்பான். வட்டார வழக்கைப் பிழை என்று குறிக்கும் ஆசிரியரிடம் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம். இந்த மாணவர்கள் நிறையப் பேர் சின்ன வயதிலேயே ஒரு வேலை பார்த்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் வைத்ததில்லை. தாத்தாவை டாக்டரிடம் கூட்டிப்போனபோது, பள்ளியிலிருந்து கடிதம் வந்தபோது, வங்கியில் படிவம் நிரப்பியபோது இரண்டு பக்கமும் பேசியது அந்தப் பிள்ளைதான். தமிழ்க் குடும்பங்களைவிட ஸ்பானிஷ், வியட்நாமியக் குடும்பங்களில் இது இன்னும் அதிகம். அந்த அனுபவத்தைக் கல்லூரி மதிக்க வேண்டும். அதே நேரம் அதில் ஒரு பழக்கத்தைக் கழற்றவும் வேண்டும். பேரப்பிள்ளை மொழிபெயர்க்கும்போது பாட்டியைக் காப்பாற்றும். டாக்டர் பத்து வாக்கியம் சொன்னால் 'ஒண்ணுமில்ல பாட்டி, மாத்திரை சாப்பிடணுமாம்' என்று முடிக்கும். அது அன்பு, ஆனால் தொழிலில் அதற்கு இடமில்லை. சொன்னது முழுவதும் போய்ச் சேர வேண்டும், கூட்டாமல், குறைக்காமல், கெட்ட செய்தியானாலும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஒன்றைப் பழக்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன், மருத்துவ மொழிபெயர்ப்புப் பயிற்சிகளில் அடிக்கடி சொல்லப்படுவது. 1980-ல் ஃபுளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கியூபாவிலிருந்து வந்த குடும்பம். 'இன்டாக்சிகாடோ' என்று ஸ்பானிஷில் சொன்னார்கள். சாப்பிட்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. அது ஆங்கிலச் சொல்லைப் போல ஒலித்ததால் போதைமருந்து என்று எடுத்துக்கொண்டு அதற்கே சிகிச்சை கொடுத்தார்கள். உண்மையில் மூளைக்குள் ரத்தக்கசிவு. அவருக்குக் கை கால் நான்கும் செயலிழந்தன. அந்த வழக்கில் ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்பீடு சுமார் 7 கோடி டாலர் என்று சொல்லப்படுகிறது. அந்த அறையில் இரண்டு மொழி தெரிந்தவர் இல்லாமல் இல்லை. அந்த ஒரு சொல்லில் நிறுத்தி 'என்ன சொல்ல வருகிறீர்கள்' என்று திரும்பக் கேட்கப் பயிற்சி பெற்றவர்தான் இல்லை.

தமிழில் அப்படிப்பட்ட சொல் எது என்று மாணவர்களிடம் கேட்டேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டு ஒரு மாணவி 'மயக்கம்' என்றாள். எவ்வளவு சரி! 'மயக்கமா வருது' என்றால் தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, நினைவு தப்பி விழுந்தாரா? மூன்றுக்கும் மூன்று பரிசோதனை. 'உடம்பு சூடு' என்றால் காய்ச்சல் என்று மொழிபெயர்த்துவிடுவார்கள். பாட்டி சொல்லும் சூடு தெர்மாமீட்டரில் தெரியாத சூடு. 'வாய்வு' என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினால் அதை வெறும் வாயு என்று சொல்லி விட்டுவிடலாமா? அன்றைக்கு ஒரு மணி நேரம் உடம்பைப் பற்றியே பேசினோம். மதமதப்பு, மரத்துப்போதல், குத்தல், குடைச்சல், கடுப்பு, இழுப்பு. வீட்டில் கேட்ட சொல் ஒவ்வொன்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவை நூலகத்தில் தேடி எடுக்க முடியாது. அதோடு சேர்த்துக் கற்க வேண்டியது ஒவ்வாமை, அழற்சி, ஒப்புதல் படிவம் போன்ற மறுபக்கச் சொற்களைத்தான்.

மரியாதையையும் இங்கேதான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே 'யூ'வில் வளர்ந்த பிள்ளைகள் தமிழில் எல்லாரையும் 'நீ' என்பார்கள். பயிற்சிக்காக ஒரு முதியவரை வகுப்புக்கு அழைத்திருந்தோம். ஒரு மாணவர் மிகுந்த அக்கறையோடு அவரிடம் 'உனக்கு எங்க வலிக்குது?' என்று கேட்டார். பெரியவர் பொறுத்துக்கொண்டார், ஆனால் முகம் மாறியது. அதே கேள்வியை 'ஐயா, உங்களுக்கு எங்க வலிக்குதுன்னு சொல்றீங்களா?' என்று இரண்டாவது முறை கேட்டபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அந்த மாணவருக்கு இலக்கணமாகச் சொல்லியிருந்தால் இது ஏறியிருக்காது.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2010-ல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவு, அதன் கீழ் வந்த விதிகள் இரண்டும் சேர்த்துச் சொல்வது: மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் ஆங்கிலம் போதாத நோயாளிக்குத் தகுதியான மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றித் தர வேண்டும். அவசர நிலையைத் தவிர, குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. இங்கே 'தகுதியான' என்ற சொல்தான் முக்கியம். இரண்டு மொழி தெரியும் என்பது மட்டும் தகுதி ஆகாது. மருத்துவ மொழிபெயர்ப்பில் சான்றிதழ் தேர்வுக்குப் போக 18 வயதும், பள்ளிப் படிப்பும், குறைந்தது 40 மணி நேரப் பயிற்சியும், இரு மொழியிலும் தேர்ச்சிக்கான சான்றும் கேட்கிறார்கள். சி.சி.ஹெச்.ஐ என்ற அமைப்பின் அடிப்படைச் சான்றிதழ் எந்த மொழிக்காரருக்கும் உண்டு, தமிழருக்கும். 40 மணி நேரம் என்பது ஒரு செமஸ்டர் பாடத்துக்குள் அடங்கிவிடும் அளவு. கல்லூரிகள் இதைத் தங்கள் மொழி வகுப்போடு சேர்க்காமல் இருப்பது எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அதற்காக எல்லாரும் மொழிபெயர்ப்பாளராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலையின் இடைநிலை ஆண்டு ஊதியம் 2023-ல் சுமார் 57,000 டாலர். அதிலும் தமிழுக்கு மட்டும் என்று முழுநேர வேலை கிடைப்பது அரிது. மொழி இன்னொரு தொழிலோடு சேரும்போதுதான் அதற்கு மதிப்பு ஏறுகிறது. நம் ஊரில் இது புதிதும் அல்ல. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் காலத்துப் புதுச்சேரியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை பெரிய வணிகரும்கூட. சரக்கும் கணக்கும் ஊர் நிலவரமும் தெரிந்த துபாஷி என்பதால்தான் அவர் சொல்லுக்கு எடை இருந்தது. உங்கள் மகள் செவிலியர் படிப்பா, சட்டமா, கணக்கியலா, கணினியா, எதை எடுத்தாலும் அதைத் தமிழில் செய்யத் தெரிந்தவளாக ஆக வேண்டும். கணக்கியல் மாணவி வருமான வரித் துறையின் இலவச வரி உதவித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து வயதானவர்களுக்குப் படிவத்தைத் தமிழில் விளக்கலாம். கணினி மாணவி தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைச் சோதிக்கலாம். 'போயிட்டாங்க'வைக் கேட்டு இயந்திரம் என்ன எழுத வேண்டும் என்ற கேள்விக்கு, இரண்டு பத்தியும் தெரிந்த அவளால்தான் பதில் சொல்ல முடியும்.

ரெஸ்யூமேயில் 'தமிழ்: சரளம்' என்று ஒரு வரி போடுகிறார்கள். அதைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அளவுகோலில் எங்கே நிற்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஆக்ட்ஃபெல் (ACTFL) என்ற அமெரிக்க மொழி ஆசிரியர் அமைப்பின் வாய்மொழித் தேர்வு அரை மணி நேரத்துக்குள் முடியும் ஒரு நேர்காணல், தமிழிலும் எடுக்கலாம். அந்த அமைப்பின் அளவுகோலில் தொடக்கநிலை முதல் ஐந்து படிகள். வீட்டுத் தமிழ் பெரும்பாலும் இரண்டாவது படியான இடைநிலையின் மேல்பகுதியில் வந்து முட்டி நிற்கும். கதை சொல்வது, நடந்ததை வரிசையாக விவரிப்பது, திடீரென்று வந்த சிக்கலைப் பேசித் தீர்ப்பது கைவந்தால் மூன்றாவது படி. வேலை கொடுப்பவர்கள் எதிர்பார்ப்பதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பள்ளி முடிக்கும்போதே இருமொழி முத்திரை (இரண்டு மொழியில் தேர்ச்சி உண்டு என்று தரும் சான்று) வாங்கியிருந்தால் அதையும் போடலாம். 2011-ல் கலிஃபோர்னியா அதைச் சட்டமாக்கியது, பிறகு பெரும்பாலான மாநிலங்களுக்கும் பரவியது. இவற்றைவிட நல்லது, செய்த வேலையை எழுதுவது: 'தமிழ் பேசும் முதியவர்களுக்கு இத்தனை வாரம் வரிப் படிவ உதவி.' அதைப் படிப்பவர் அடுத்த கேள்வியைக் கேட்பார்.

இன்னொரு எச்சரிக்கை. இரண்டு மொழி தெரிந்த ஊழியரை அலுவலகங்கள் 'கொஞ்சம் வந்து பேசிட்டுப் போ' என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், சம்பளமில்லாமல், அவள் வேலையை நிறுத்திவிட்டு. மொழிக்குத் தனிப்படி உண்டா என்று சேரும்போதே கேட்கவும், தனக்குத் தெரியாத விஷயத்தில் 'இதற்குத் தகுதியானவரைக் கூப்பிடுங்கள்' என்று மறுக்கவும் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். நன்றாக ஆங்கிலம் எழுதுவதும் இதன் ஒரு பகுதிதான். தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் துல்லியமான அறிக்கையாக எழுதத் தெரியாவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது.

பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா போன்ற சில பல்கலைக்கழகங்களில்தான் தமிழ் முறையாகக் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. உங்கள் மகள் சேரும் இடத்தில் இல்லையென்றால் வழி அடைபட்டுவிடவில்லை. கொலம்பியா, கார்னெல், யேல் மூன்றும் அதிகம் கற்பிக்கப்படாத மொழிகளைக் காணொளி வழியே பகிர்ந்துகொள்வதைப் போல வேறு கூட்டமைப்புகளும் உண்டு. வெளித் தேர்வாளரை வைத்துத் தனிப்பாடமாக எடுக்கச் சில கல்லூரிகள் அனுமதிக்கும். கோடையில் மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் நடத்தும் தமிழ்ப் பயிற்சியையும் விசாரித்துப் பாருங்கள். கல்லூரி மொழித்துறையும் வேலைவாய்ப்பு மையமும் ஒரே வளாகத்தில் இருந்துகொண்டு பேசிக்கொள்வதே இல்லை. அவர்களைப் பேச வைக்க ஒரு மாணவி இரண்டு மின்னஞ்சல் எழுதினால்கூடப் போதும், நடந்து பார்த்திருக்கிறேன்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அவள் தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள், உறவினர் முன்னால் பேசிக்காட்டச் சொல்லாதீர்கள். அதற்குப் பதில் உங்கள் வேலையைப் பற்றி அவளிடம் தமிழில் பேசுங்கள். அலுவலகத்தில் என்ன சண்டை, வீட்டுக் கடன் வட்டி எப்படிக் கணக்கிடுகிறார்கள், யாருக்கு ஓட்டுப் போடுவது என்று. இதையெல்லாம் இத்தனை நாள் நாமே அவளிடம் ஆங்கிலத்தில்தானே பேசி வந்தோம். பாடப்பதிவுக்கு முன்பு மொழித்துறைக்கு அவளையே எழுதச் சொல்லுங்கள்: வீட்டில் மொழி கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டா, சேர்க்கும் முன் நேரில் பேசிப் பார்ப்பீர்களா, அந்த மொழியில் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்கு கிரெடிட் கிடைக்குமா. மூன்றாவது கேள்விக்கு அவர்கள் தயங்கினால், வேலைவாய்ப்பு மையத்துக்கும் ஒரு பிரதி போட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள்.